மூக்கால் பாடியவர் யார்?

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, பழந்தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதலாமா, தலைநகரில் தமிழர் வாழ்வைப் பற்றி எழுதலாமா என்று சில நாள் எண்ணிப் பார்த்தோம். அவற்றை எழுதத் தக்க அறிஞர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே, வேறு எவரும் போட்டிக்கு வர இயலாத பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அப்பொருள் மூக்கு. மூக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. நம் இல்லத்தில் ஒரு பெண் குழந்தையின் பாட்டைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது இந்த மூக்குத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், மூக்கைப் பற்றி நாம் சொன்ன ஒரு சொல்தான்.

அது 1981ஆம் ஆண்டு நவராத்திரி. ஆர். கே. புரத்து அரசுக் குடியிருப்பில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த தகர டிரங்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளை வேட்டியை விரித்து, ஐந்து படிக் கொலு வைத்திருந்தோம். மாலையில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் வந்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். சுண்டல் கொடுத்தாயிற்று. வழக்கம்போல, "குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மூத்த மகளுக்கு அப்போது வயது பதினொன்று. பாவாடையைச் சரிசெய்துகொண்டு கொலுவின் முன்னே அமர்ந்தாள். நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. நம் பொருளைப் பிறர் குறை கூறுமுன் நாமே கூறிவிட்டால் அது பணிவு என்று கருதுவோம். அந்தப் பணிவைக் காட்டும் பொருட்டு, "பாடுவாள், பாடுவாள், ஆனால் கொஞ்சம் மூக்கால் பாடுவாள்" என்று சொல்லிச் சிரித்தோம். வந்தவர்களும் சிரித்தார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் குழந்தை திறந்த வாயை மூடிக்கொண்டாள். "தொண்டை சரியில்லை" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

அன்று நின்ற பாட்டு மறுநாள் தொடங்கவில்லை. விஜயதசமியன்றும் தொடங்கவில்லை. பொங்கல் விழாவில் சிறுவர் கூட்டுப்பாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தவள், பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முதலில் இதனை நாம் பெரிதாக எண்ணவில்லை. குழந்தைப் பிடிவாதம், தானே தீரும் என்றிருந்தோம். அது பிடிவாதம் அன்று என்பதை உணர்த்தியது வேறொன்று.

தலைநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளின் தமிழ் எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் இந்தி, விளையாட்டில் இந்தி, பாடநூலில் ஆங்கிலம். நம் மகளுக்குத் தமிழ் எழுத்துகள் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் பாட்டுகள் வரும். திருப்புகழ், பாரதியார் பாடல்கள், பாட்டியின் தாலாட்டு என்று முப்பது நாற்பது பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். ழகரமும் றகரமும் அவள் நாவில் உயிரோடு இருந்தது அந்தப் பாட்டுகளால்தான். பாட்டு நின்ற சில மாதங்களில், தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் விடை வரலாயிற்று. மனைவியார் ஒருநாள் இரவு, "குழந்தை தமிழ் பேசி நான்கு நாள் ஆயிற்று, கவனித்தீர்களா?" என்று கேட்டபோதுதான் நமக்கு உறைத்தது. நாம் விளையாட்டாகக் குறை கூறியது அவள் குரலை. அவள் கைவிட்டதோ மொழியை.

மூக்கால் பாடுவது குறை என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. வேதம் ஓதுவோருக்கு வகுக்கப்பட்ட பாணினீய சிட்சை, ஓதலில் வரும் குற்றங்களுள் மூக்கொலியையும் ஒன்றாக எண்ணுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், பாடகரின் குற்றங்கள் என இருபத்தைந்தைக் கூறி, மூக்கால் பாடுவதையும் அவற்றுள் வைத்திருக்கிறது. நூல்களைப் படித்தவர்கள் சொன்ன குறைதான் அது. ஆனால் குற்றத்தைப் பட்டியலிட்ட ஆசிரியர்கள் அதனை ஒரு பதினொரு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே, ஊரார் முன்னிலையில் சொல்லச் சொல்லவில்லை.

தவற்றைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் முதலில் மருத்துவரிடம் சென்றோம். அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழந்தையைப் பரிசோதித்தார். "தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா? குறட்டை உண்டா? அடிக்கடி காது வலிக்கிறதா? பால் குடிக்கும்போது மூக்கு வழியே வருவதுண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். 'ஆ' என்று சொல்லச் செய்து, விளக்கடித்து, அண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவர் விளக்கிய செய்தி நமக்கு அதுவரை தெரியாதது.

மூக்கால் பேசுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நேர் எதிரான இருவகைகள் உண்டாம். ஒன்று, மூக்கு அடைபட்டிருப்பது. சளியாலோ, ஒவ்வாமையாலோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்குவதாலோ, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பதாலோ காற்று மூக்கு வழியே போக முடிவதில்லை. அப்போது 'மாமா' என்பது 'பாபா' போலக் கேட்கும். மற்றொன்று, மூக்கு வழியே போகக்கூடாத நேரத்தில் காற்று போவது. பிறவியிலேயே அண்ணம் பிளந்திருப்பதாலும், அண்ணத்தின் தசைகள் வலுவிழந்திருப்பதாலும் அது நேரலாம்; அடினாய்டை அகற்றிய பிறகும் சிலருக்குச் சில காலம் இருக்கலாம். முதல்வகைக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. இரண்டாவதற்குச் சிலருக்கு அறுவையும், பேச்சுப் பயிற்சியும் வேண்டியிருக்கும். "உங்கள் குழந்தைக்கு அடைப்பும் இல்லை, அண்ணமும் நன்றாக எழுகிறது. உறுப்பில் குறை இல்லை, பழக்கத்தில் இருக்கலாம். பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரிடம் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

கரோல்பாக்கில் அந்நாளில் வயது முதிர்ந்த பாட்டு ஆசிரியை ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையை அழைத்துக்கொண்டு பேருந்தேறிச் சென்றோம். குழந்தை வழிநெடுகப் பேசவில்லை. ஆசிரியை அவளைப் பாடு என்று சொல்லவே இல்லை. சுருதிப் பெட்டியையும் எடுக்கவில்லை. எதிரே உட்காரவைத்து, "கண்ணே, நீ பாட வேண்டாம், என்னோடு விளையாடு, போதும். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்" என்றார். சொன்னாள், தெளிவாக வந்தது. "அதேபோல 'மாமா' என்று சொல்" என்றார். வேடிக்கையான ஓர் ஒலி வந்தது. குழந்தையின் உதட்டில் சிரிப்பின் சாயல் தோன்றிற்று. "இப்போது 'ஆ' என்று நீட்டு. நீட்டிக்கொண்டே மூக்கைப் பிடி, விடு, பிடி, விடு" என்றார். பிடிக்கும்போது ஒரு குரலும், விடும்போது ஒரு குரலுமாக ஒலி மாறி மாறி வந்தது.

"பார்த்தாயா? 'மா' சொல்ல மூக்கு வேண்டும். 'ஆ' சொல்ல மூக்கு வேண்டாம். உன் 'ஆ'வில் மூக்கும் கலந்துகொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்" என்றார் ஆசிரியை. ஒரு குறை இவ்வளவு சிறியதாக நம் கண் முன்னே சுருங்கியதை அன்றுதான் கண்டோம்.

இதன் உட்பொருளை நம் இலக்கண ஆசிரியர்கள் எப்போதோ அறிந்திருந்தனர். தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்கிறது. மூக்கும் அவ்வரிசையில் இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். நன்னூலார் மெல்லினத்துக்கு இடமே மூக்கு என்றார். ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறு எழுத்துகள் மூக்குக்கு உரியவை. உயிரெழுத்துகளும் வல்லினமும் அதற்கு உரியவை அல்ல. அண்ணத்தின் பின்பகுதி எலும்பற்ற மென்சதை. அதன் நுனியில்தான் உள்நாக்குத் தொங்குகிறது. 'ம' என்னும்போது அச்சதை தாழ்ந்து மூக்குக்கு வழிவிடுகிறது. 'ப' என்றும் 'ஆ' என்றும் சொல்லும்போது மேலெழுந்து வழியை அடைக்கிறது. அது ஒரு கதவு. கதவு இருப்பதில் குற்றம் இல்லை. மூடவேண்டிய நேரத்தில் அது மூடாதிருப்பதே குற்றம்.

பிறகு ஆசிரியை சரளிவரிசையைப் பாடச் சொல்லாமல், வெறுமனே பேசச் சொன்னார். ஸ, ரி, க, ம, ப, த, நி. ஏழு சுரங்களுள் மத்திமமும் நிஷாதமும் மூக்கெழுத்தில் தொடங்குபவை. நம் மகள் 'ம' சொல்வதற்குமுன் 'க'விலேயே கதவைத் திறந்துவிடுகிறாள். 'நி' முடிந்த பின்னும் மேல் 'ஸ'வில் அதனை மூட மறந்துவிடுகிறாள். ஐந்து சுரங்கள் இரண்டின் வண்ணத்தைப் பூசிக்கொண்டன. தமிழ்ப் பாட்டில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி என்றார் அவர். அடிகள் பெரும்பாலும் 'ம்' என்றும் 'ன்' என்றும் முடிகின்றன. பேச்சில் 'மரம்' என்பதை 'ம்' வரை நாம் சொல்வதே இல்லை. கடைசி உயிரை மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். பேச்சுக்கு அது இயல்பு, குற்றமில்லை. பாட்டில் அதே பழக்கம் வந்தால், நீளும் உயிர் முழுவதும் மூக்குக்குள் போய்விடுகிறது. உயிரை வாயில் நீட்டி, முடிவில்தான் இதழை மூட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த அம்மையார் நம் பக்கம் திரும்பினார்.

"குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது யார்?"

நாமே என்று சற்றுப் பெருமையோடு சொன்னோம்.

"அப்படியானால் நீங்கள் ஓர் அடி பாடுங்கள். பாதியில் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

பாடினோம். பிடித்தோம். நம் குரல், நீர் தெளித்த அடுப்புப்போலப் பொசுக்கென்று அமுங்கிற்று. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். நவராத்திரிக்குப் பின் அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். "அப்பாவும் மூக்கால்தான் பாடுகிறார்!" என்றாள், தமிழில்.

ஆசிரியை சிரிக்கவில்லை. "நீங்கள் வாயைத் திறப்பதே இல்லையே. எங்கே பாடிப் பழகினீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே விடை சொல்ல இயலவில்லை. வீடு திரும்பும் பேருந்தில்தான் விடை கிடைத்தது.

நாம் பிறந்தது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர். ஆற்றங்கரையில் குளிக்கும்போது இக்கரையில் ஒருவர் பாடினால் அக்கரையில் இருப்பவர் அடுத்த அடியை எடுப்பார். வாய் திறந்து பாடுவதற்கு அங்கே எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. 1968இல் தலைநகருக்கு வந்தோம். கரோல்பாக்கில் மொட்டைமாடி பர்சாத்தி ஒன்றில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். வந்த மறுவாரமே, காலையில் சத்தம் வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பினார். நியாயமான சொல்தான், இரவு வேலை பார்த்துவிட்டு உறங்குபவர் அவர். அன்றுமுதல் உதட்டைத் திறவாமல் முணுமுணுத்தோம். 1970இல் மகள் பிறந்தாள். அவளுக்குத் தாலாட்டுப் பாடியதும் அந்த மூடிய வாயால்தான். 1974இல் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. அங்கேயும் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். சைக்கிளின் முன்கம்பியில் சிறு இருக்கை பொருத்தி, மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது பாட்டுச் சொல்லிக்கொடுப்போம். சாலையில் போகிறவர்கள் இது என்ன மொழி என்று திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் அங்கேயும் வாய் பாதிதான் திறந்தது. வாசலைப் பாதி சாத்தினால் காற்று சன்னல் வழியே போவது இயற்கை. வாய் குறுகினால் குரல் மூக்கில் ஒலிக்கும்.

குழந்தை கேட்ட குரலைத்தான் குழந்தை பாடும். அவள் நம்மிடம் கற்றது முப்பது நாற்பது பாட்டுகளை மட்டுமன்று. அவற்றோடு நம் கூச்சத்தையும் கற்றுக்கொண்டாள். அந்தக் கூச்சத்தைத்தான் ஊரார் முன்னிலையில் நாம் கேலி செய்தோம்.

ஆசிரியை நம் இருவரையும் மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் எளியவை. அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, சுருதி. குழந்தை இசைத்தட்டில் கேட்ட குரலுக்கு இணையாகப் பாட முயன்று, தன் குரலுக்கு மிஞ்சிய மேல் சுருதியில் பாடிக்கொண்டிருந்தாள். மிஞ்சிய சுருதியில் தொண்டை இறுகும். நாவின் அடிப்பகுதி எழும்பி வாயின் பின்வழியைக் குறுக்கும். அதனால் மூக்கு வழியே காற்றுப் போகாவிட்டாலும் மூக்கொலிபோலவே கேட்கும். ஆகவே ஒரு கட்டை குறைத்தார். மூக்கைப் பிடித்தும் ஒலி மாறவில்லையானால், குறை மூக்கில் இல்லை, நாவிலும் தொண்டையிலும்தான் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன நல்ல அடையாளம்.

இரண்டாவது, கொட்டாவி. கொட்டாவி தொடங்கும்போது அண்ணம் தானே எழுகிறது, நா தாழ்கிறது, தொண்டை விரிகிறது. அந்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு 'ஆ' என்று தொடங்க வேண்டும். பற்களிடையே இரண்டு விரல் நுழையும் அளவு வாய் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மூக்கெழுத்தே இல்லாத சொற்கள். 'கடற்கரைக் காற்றே, விரைவில் வா' என்று ஓர் அடியை அவரே கட்டிக் கொடுத்தார். அதில் மெல்லினம் ஒன்றுகூட இல்லை. மூக்கைப் பிடித்தும் விட்டும் அதைப் பாட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் கேட்க வேண்டும். கைக்கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்தாலும் தெரியும். உயிரெழுத்தில் மூக்கு வழியே காற்று வந்தால் கண்ணாடி மங்கும். தில்லிக் குளிரில் அந்தச் சோதனை மிக நன்றாகவே வேலை செய்தது.

நான்காவது, 'ங்' என்று தொடங்கி 'ஆ' என்று திறப்பது. கதவு திறந்திருப்பது எப்படி, மூடுவது எப்படி என்பது இதில் தானே புலப்படும். பிறகு 'பா பா பா', 'கா கா கா' என்று வல்லினத்தோடு உயிரைச் சேர்த்துப் பாடுவது. வல்லினம் கதவை மூடிக் கொடுக்கும். உயிர் அந்த மூடிய கதவோடு நீள வேண்டும். கடைசியில் சரளிவரிசையும் ஜண்டை வரிசையும் அகாரத்தில், விளம்ப காலத்தில். விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் சிறிது நேரம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். தொண்டை வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது கண்டிப்பு.

இத்தனைக்கும் நடுவில் ஓர் எச்சரிக்கையும் செய்தார். பாடும்போது கன்னத்திலும் மூக்கின் மேற்புறத்திலும் ஒரு மெல்லிய அதிர்வு உண்டாகும். அது நல்ல நாதத்தின் அடையாளம், அதைக் கண்டு அஞ்சக் கூடாது என்றார். அதிர்வு வேறு, காற்று ஒழுகுவது வேறு. வாய்மூடி 'ம்' என்று இசைப்பதும் பகையன்று.

மூன்று வாரம் யாதொரு மாற்றமும் தெரியவில்லை. குழந்தை ஒருநாள் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். அலுவலக நண்பர் ஒருவரிடம் கேசட் பதிவுக் கருவி இருந்தது. அதை வாங்கிவந்து இருவர் பாட்டையும் பதிவு செய்தோம். நம் குரலை நாம் கேட்கும்போது காதின் வழியே மட்டுமன்றித் தலையெலும்பின் வழியேயும் கேட்கிறோம். ஆகவே பிறர் கேட்கும் நம் குரலை நாம் அறிவதில்லை. கருவியில் நம் குரலைக் கேட்டபோது, பதினைந்து ஆண்டுகள் இதைத்தானா பாட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளின் குரலோ நாம் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. இரண்டு மாதங்களில், பாட்டில்லாத நேரத்திலும் அவள் தமிழில் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் அடுத்த வீட்டு வானொலியில் முகேஷின் பாட்டு வந்தது. முகேஷ் இதே தில்லியில் 1923இல் பிறந்தவர். அவர் குரலில் மூக்கொலி உண்டு என்பதை அவரை நேசிப்பவர்களும் மறுப்பதில்லை. 1974இல் வெளிவந்த ரஜனிகந்தா படப் பாட்டுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1976 ஆகஸ்டில் அவர் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் காலமான செய்தி வந்தபோது, அடுத்த வீட்டு அம்மையார் அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. வானொலியைக் கேட்ட மகள், "இவருக்கும் மூக்குத்தானே? இவரை மட்டும் ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. ஞாயிறன்று ஆசிரியையிடம் அவளே கேட்டாள்.

ஆசிரியை சற்று யோசித்துச் சொன்னார்: "செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரலையும் மூக்கொலி கலந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இனிய சாரீரம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடவில்லை. 1926இல் கும்பகோணத்தில் முதல் கச்சேரி செய்தார். 1947இல் சங்கீத கலாநிதி ஆனார். இடையில் செய்தது சாதகம். முடியாததை விட்டுவிட்டார் என்று எண்ணாதே. முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு பாடினார். உனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது உன் குரல். அதைத் துடைத்துவிட்டால் நீ பாடுகிறாய் என்று எப்படித் தெரியும்?"

1982ஆம் ஆண்டு நவராத்திரி வந்தது. அதே டிரங்குப் பெட்டிகள், அதே வெள்ளை வேட்டி. சென்ற ஆண்டு வந்தவர்களில் பலரும் வந்திருந்தனர். மகளைப் பாடச் சொல்ல எவருக்கும் துணிவில்லை, நாமும் சொல்லவில்லை. ஒரு கணம் அமைதி நிலவிற்று. அப்போது நாம் எழுந்து, "சென்ற ஆண்டு இவ்வீட்டில் ஒருவர் மூக்கால் பாடுகிறார் என்று சொன்னோம். அது உண்மைதான். ஆனால் ஆள் மாறிவிட்டது. மூக்கால் பாடியவர் நாம்தாம். குழந்தை நம்மிடம் கற்றுக்கொண்டாள்" என்று சொன்னோம். சொல்லிமுடிக்க நா எழவில்லை. சொன்ன பிறகு, மூக்கைப் பிடித்தும் விட்டும் ஓர் அடி பாடிக் காட்டினோம். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இம்முறை சிரிப்பு சரியான இடத்தில் விழுந்தது.

மகள் எவரும் கேளாமலே கொலுவின் முன்னே அமர்ந்தாள். ஒரே ஒரு பாட்டுப் பாடினாள். அதில் சிறிதும் மூக்கொலி இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். மேல் ஸ்தாயியில் இரண்டு இடங்களில் இருந்தது. ஆனால் வாய் திறந்திருந்தது. அடியின் கடைசி 'ம்' வரையில் உயிர் நின்று ஒலித்தது. அடுத்த வீட்டு அம்மையார், பாட்டில் ஒரு சொல்லும் விளங்காமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடுச்சுவர் வழியாக நாள்தோறும் கேட்கிறேன், இன்றுதான் நேரில் கேட்டேன்" என்று இந்தியில் சொன்னார். சுவருக்கு அப்பால் தொந்தரவாயிருக்கும் என்று எட்டு ஆண்டுகள் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அப்பால் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் கச்சேரி செய்யும் வித்துவாம்சினி ஆகவில்லை. அதை அவள் விரும்பவும் இல்லை. வேலைக்குச் சென்றாள், மணம் செய்துகொண்டாள், இப்போது வேறொரு வடமாநில நகரில் வாழ்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், பாடுகிறாள். அந்த ஆசிரியையும் இன்றில்லை, அடுத்த வீட்டு அம்மையாரும் இல்லை. பதவியிலிருந்து ஓய்வுபெற்று மயூர்விகாரில் இருக்கும் நாம், விடியற்காலையில் சன்னலைத் திறந்துவைத்து இருபது நிமிடம் அகார சாதகம் செய்கிறோம். வயதின் நடுக்கம் சேர்ந்துவிட்டது. மூக்கு இன்னும் முழுவதும் விட்டபாடில்லை.

நம் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. குழந்தையின் குரலில் மூக்கொலி கேட்டால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு நல்ல ஆசிரியரிடம் விடுங்கள். அதற்கெல்லாம் முன்னே, உங்கள் மூக்கை நீங்களே ஒருமுறை பிடித்துக்கொண்டு பாடிப் பாருங்கள். குறையைத் தனியே சொல்லுங்கள். சபையில் சொல்லாதீர்கள்.

சென்ற மாதம் பேத்தி தொலைபேசியில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினாள். அடுக்குமாடி வீடு, இரவு நேரம். ஆகையால் உதட்டை ஒட்டிவைத்துக்கொண்டு மெல்ல முணுமுணுத்தாள். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. "கண்ணே, வாயைத் திறந்து பாடு" என்றோம். "பக்கத்து வீட்டில் கேட்குமே, தாத்தா" என்றாள்.

"கேட்கட்டும்" என்றோம்.